தெளிவான ஜெல்லில் மஞ்சள் ஏறுகிறதா? கெட்டியாக்கும் பொடியைத் தூக்கி எறிவதற்கு முன்

நீரும் கிளிசரினும் கலந்து வைத்தவரை பளிங்கு மாதிரி இருந்தது. கெட்டியாக்க ஒரு சிட்டிகை பொடியைத் தூவிக் கலக்கியதும் லேசாக வைக்கோல் நிறம் வந்துவிட்டது. இல்லையென்றால் நிறம் எதுவும் இல்லாமல் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. அதுவும் இல்லையென்றால், செய்த அன்று நன்றாக இருந்து, மூன்று வாரம் கழித்துப் பாட்டிலை எடுத்தால் பழுப்பு. சீரம், முக ஜெல், தெளிவான ஷாம்பூ என்று சின்ன அளவில் செய்து பார்க்கிறவர்கள் இதில் ஒன்றையாவது பார்த்திருப்பார்கள். பார்த்ததும் செய்கிற முதல் வேலை, கம்மை, அதாவது அந்தக் கெட்டியாக்கும் பொடியை, மாற்றுவது. நானும் அதைத்தான் பல தடவை செய்தேன், பெரும்பாலும் வீண் செலவு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இந்த விஷயத்துக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். கடைசியாகப் போட்ட பொருள் கம் என்பதால் அதன் தலையில் விழுகிறது, உண்மையான ஆள் வேறு எங்கோ இருப்பான்.

நிறமா, கலங்கலா?

இதை முடிவு செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்து, ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், இன்னொன்றில் உங்கள் ஜெல், இரண்டும் ஒரே உயரத்துக்கு ஊற்றுங்கள். வெள்ளைத் தாள் மேல் வைத்து மேலிருந்து குனிந்து பாருங்கள். மஞ்சளோ பழுப்போ ரோஸோ இருந்தால் அந்த வெள்ளைப் பின்னணியில் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு கறுப்புத் துணியைப் பின்னால் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். ஒளி போகிற பாதை ஜெல்லுக்குள் வெள்ளைக் கம்பி மாதிரி தடித்துத் தெரிந்தால் அது கலங்கல். நுண்ணிய துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. பள்ளியில் படித்தோமே டிண்டால் விளைவு என்று, அதேதான். நல்ல தெளிவான ஜெல்லிலும் மெல்லிய கோடு ஒன்று தெரியத்தான் செய்யும், அதற்காகப் பதற வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மிக நுண்ணிய கலங்கல், மஞ்சள் நிறம் மாதிரியே வேஷம் போடும். சின்னத் துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும், எனவே பக்கத்திலிருந்து பார்த்தால் லேசான நீலச் சாயல், விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் மஞ்சள் சாயல். கோணத்தை மாற்றும்போது நிறமும் மாறுகிறது என்றால் அங்கே சாயம் எதுவும் இல்லை, துகள்தான் இருக்கிறது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே மஞ்சள் என்றால் அது நிஜ நிறம்.

இன்னொன்று, பாத்திரத்தின் ஆழம். உயரமான பீக்கரில் மேலிருந்து பார்க்கும்போது மஞ்சளாகத் தெரிகிற அதே ஜெல், ஒல்லியான பாட்டிலில் ஊற்றினால் நிறமற்றதாகத் தெரியும், ஏனென்றால் ஒளி கடக்கிற தூரம் கூடக் கூட நிறமும் அடர்த்தியாகத் தெரியும். ஆகவே எந்தப் பாட்டிலில் கொடுக்கப் போகிறீர்களோ அதில் ஊற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வெறும் கம்மை மட்டும் போட்டுப் பாருங்கள்

காய்ச்சி வடித்த நீர், அதே அளவு கெட்டியாக்கும் பொருள், பிரிசர்வேட்டிவ். அவ்வளவுதான், வேறு எதுவும் வேண்டாம். 100 கிராம் செய்தால் போதும். இந்த வெறும் ஜெல்லும் மஞ்சளாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் கம்தான். இது தெளிவாக இருந்து முழு ஃபார்முலா மட்டும் மஞ்சளாக இருந்தால், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பொருளை மட்டும் விட்டுவிட்டு ஒரு சின்ன பேட்ச் செய்து பாருங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் மூன்று விதமான கம் வாங்கி மூன்று தடவை ஏமாறுவதைவிட இது சீக்கிரம் முடிகிற வேலை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சாலிசிலிக் அமிலம் போட்ட ஒரு ஜெல், ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் வைத்துக் கெட்டியாக்கியது. செய்த மறுநாள் காலை பார்த்தால் லேசான ரோஸ், செம்பருத்தி இதழை நீரில் நனைத்து எடுத்த மாதிரி. செல்லுலோஸ் கெட்டுப்போனது என்று நினைத்து அந்த டப்பாவை ஓரம் கட்டி, வேறு இடத்தில் வாங்கிய இன்னொரு டப்பாவைத் திறந்தேன். மறுபடி ரோஸ். மூன்றாம் தடவை ஏதோ ஒரு புத்தியில் விஸ்க்கை, அதாவது கலக்குகிற கம்பிக் கரண்டியை, கழுவும்போது உற்றுப் பார்த்தேன்: கம்பிகள் கைப்பிடிக்குள் போகிற இடத்தில் அரிசி முனை அளவுக்குத் துரு. இரும்பும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்தால் ஊதா நிறம் வரும், வேதியியல் ஆய்வகத்தில் ஃபெரிக் குளோரைடு சோதனை என்று செய்வார்களே, அதையேதான் நான் தெரியாமல் என் பீக்கரில் செய்துகொண்டிருந்தேன். ரோஸ் ஜெல்லில் ஒரு ஸ்பூன் தனியாக எடுத்து, அதில் டைசோடியம் இடிடிஏ ஒரு சிட்டிகை கலக்கியதும் ரோஸ் கண்ணெதிரே வெளிறிப்போனது. இடிடிஏ இரும்பைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பாவம், அந்த இரண்டு டப்பா செல்லுலோஸும் நல்லதாகவே இருந்தன.

இந்தச் சோதனையை நினைவில் வையுங்கள். நிறம் மாறிய மாதிரியில் கொஞ்சம் எடுத்து இடிடிஏ போட்டு நிறம் குறைந்தால், உலோகம் புகுந்திருக்கிறது. நீரைப் பாருங்கள், கரண்டியைப் பாருங்கள், தாவரச் சாறுப் பொடிகளைப் பாருங்கள். தேயிலைச் சாறு மாதிரி டானின் உள்ளவற்றில் இரும்பு பட்டால் சாம்பல், கருநீலம். பழைய காலத்து எழுத்து மையே இப்படிச் செய்ததுதான். கோஜிக் அமிலத்தோடு இரும்பு சேர்ந்தால் செம்மஞ்சள், சிவப்பு. தடுப்பதற்கு ஃபார்முலாவில் முதலிலேயே 0.1 சதவீதம் அளவுக்கு இடிடிஏ போடுவது வழக்கம், அது வேண்டாம் என்பவர்கள் சோடியம் ஃபைட்டேட் போடுகிறார்கள். எதைப் போட்டாலும் நீரில் முதலில் கரைத்துவிட்டு மற்றதைச் சேருங்கள்.

சரி, நிஜமாகவே கம்தான் காரணம் என்றால்

சாந்தன் கம்மிலிருந்து ஆரம்பிக்கலாம், அதிகம் திட்டு வாங்குவது அதுதான். சாந்தோமோனாஸ் கம்பெஸ்ட்ரிஸ் என்ற பாக்டீரியாவைச் சர்க்கரையில் வளர்த்து, அது சுரக்கிற பிசினை ஆல்கஹாலில் திரட்டி, உலர்த்தி, அரைத்துச் செய்கிறார்கள். சாதாரண கிரேடில் அந்த பாக்டீரியாவின் செல் மிச்சங்கள் அப்படியே இருக்கும். அந்தப் பொடி தூய வெள்ளையாக இல்லாமல் லேசான கிரீம் நிறத்தில் இருப்பதும், கரைத்தால் நீர்த்த பால் மாதிரி மங்குவதும் இவற்றால்தான். எவ்வளவு நேரம் கலக்கினாலும், எவ்வளவு சூடாக்கினாலும் அது தெளியப் போவதில்லை. அந்த மிச்சங்களை நீக்கிய கிரேடு தனியாகக் கிடைக்கும், லேபிளில் கிளியர் என்றோ டிரான்ஸ்பரன்ட் என்றோ போட்டிருக்கும், அதைத்தான் தெளிவான ஜெல்லுக்கு வாங்க வேண்டும். லேபிளின் பொருள் பட்டியலில் இரண்டுமே சாந்தன் கம் என்றுதான் இருக்கும், எனவே கிரேடைக் கேட்காமல் வாங்கிவிட்டு ஏமாறாதீர்கள். கிளியர் கிரேடும் 1 சதவீதத்துக்கு மேல் போனால் பளிங்கு மாதிரி இருக்காது. 0.3 முதல் 0.5 வரை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் கெட்டி வேண்டுமென்றால் வேறு ஒன்றைத் துணைக்குச் சேர்ப்பது நல்லது.

சாந்தனில் காற்றுக் குமிழியும் ஒரு தொல்லை. அந்த ஜெல் குமிழிகளை அசையவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், தூரத்திலிருந்து பார்த்தால் கலங்கல் மாதிரியே இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உருண்டையாகத் தெரியும், அப்படித் தெரிந்தால் ஸ்டிக் பிளெண்டரைத் தூர வைத்துவிட்டு மெதுவாகக் கையால் கலக்குங்கள், மூடி ஓர் இரவு விடுங்கள்.

கட்டி விழுந்தாலும் தெளிவு போகும். பொடியை நேரடியாக நீரில் கொட்டினால் வெளிப்பக்கம் மட்டும் நனைந்து உள்ளே உலர்ந்த பொடியோடு மீன் கண் மாதிரி உருண்டைகள் மிதக்கும். ஒரு பங்கு கம்முக்கு ஐந்து பங்கு கிளிசரின் எடுத்துக் குழைத்து, அந்தக் குழம்பை நீரில் ஊற்றிக் கலக்கினால் இந்தத் தொல்லை இல்லை. எல்லா கம்முக்கும் இது பொருந்தும்.

கொத்தவரை விதையிலிருந்து வருகிற குவார் கம்மில் விதைத்தோலின் துணுக்கும் புரதமும் கலந்திருக்கும், ஆகவே சாதாரண குவாரில் பளிங்குத் தெளிவை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஹைட்ராக்சிபுரொபில் குவார் இதைவிட எவ்வளவோ தெளிவு. ஷாம்பூவுக்கு வாங்குகிற நேர்மின் குவார் வகை பலவற்றின் மேற்பரப்பில், கட்டி விழாமல் இருப்பதற்காக ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். சிட்ரிக் அமிலம் போட்டு பிஎச்சை (அமில-கார அளவை) இறக்கினால்தான் அது நீரை உறிஞ்சி விரியும். அதைச் செய்யாமல் விட்டால் மங்கலாகத் துகள் துகளாக நிற்கும், நாமோ கம் தரமில்லை என்று திட்டிக்கொண்டிருப்போம். ஸ்கிளரோட்டியம் கம் நன்றாகவே இருக்கும், ஆனால் லேசான மங்கலும் சாயலும் அதன் குணம். அகேசியா, அதாவது கருவேல இனத்துப் பிசின், நிறத்தோடுதான் வரும், நிறமற்ற ஜெல்லுக்கு அதை யோசிக்கவே வேண்டாம்.

ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் எனக்குப் பிடித்தது. சரியாகக் கரைந்தால் நல்ல தெளிவு, மின்னூட்டம் இல்லாததால் பலவற்றோடு சண்டை போடாது. சிக்கல் எங்கே என்றால், சந்தையில் உள்ள பல கிரேடுகளின் துகள்களுக்கு கிளையாக்சால் பூச்சு உண்டு, அமிலத்தன்மை உள்ள நீரில் இந்தப் பூச்சு விலக ரொம்ப நேரம் எடுக்கும். சிட்ரிக் அமிலம், லாக்டிக் அமிலம் எல்லாம் போட்டு முடித்த நீரில் கடைசியாக இதைத் தூவினால், நாள் கணக்கில் மங்கலாக, மணல் மணலாக நிற்பதைப் பார்க்கலாம். வரிசையை மாற்றுங்கள். குளிர்ந்த வெறும் நீரில் முதலில் பொடியைத் தூவிப் பரப்பி, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஓரிரு துளி விட்டு பிஎச்சை 8 அளவுக்கு ஏற்றுங்கள், வேண்டுமானால் லேசாகச் சூடாக்குங்கள். சில நிமிடங்களில் கெட்டியாகித் தெளியும். முழுசாகத் தெளிந்த பிறகுதான் மற்றவை, அமிலம் கடைசி.

ஹைட்ராக்சிபுரொபில் மெத்தில் செல்லுலோஸ் இதற்கு நேர் எதிர் குணம். சுடுநீரில் கரையாமல் பரவி நிற்கும், ஆற ஆறக் கரைந்து தெளியும். சூடாக இருக்கும்போது வெள்ளையாகத் தெரிகிறது என்று யாராவது கொட்டிவிட்டால் எனக்குத்தான் மனசு கஷ்டம். ஆறவிட்டு மறுநாள் பாருங்கள்.

கார்போமர் என்ற செயற்கைக் கெட்டியாக்கியைப் பொறுத்தவரை தெளிவில் அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் கோபக்காரன். நீரில் தூவியதும் அமிலத்தன்மையோடு, பிஎச் சுமார் 3, தண்ணியாகவும் மங்கலாகவும் இருக்கும். காரம் சேர்த்து 6 முதல் 7 வரை கொண்டுவந்தால் பளிச்சென்று தெளிந்து கெட்டியாகும். மங்கல் மிச்சம் இருந்தால் பெரும்பாலும் காரம் போதவில்லை, அல்லது காரம் சேர்ப்பதற்கு முன் பொடி முழுசாக நனையவில்லை. இரண்டாவது என்றால் இனி ஒன்றும் செய்ய முடியாது, கட்டி கட்டிதான். உப்பு வகைகள் இதற்கு ஆகவே ஆகாது. சோடியம் பிசிஏ, கற்றாழைப் பொடி மாதிரி எலக்ட்ரோலைட் உள்ளவற்றைச் சேர்த்தால் நீர்த்துவிடும். நேர்மின் உள்ள கண்டிஷனிங் பொருள்களைச் சேர்த்தால் தயிர் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திரளும். சாந்தனுக்கும் இந்த நேர்மின் பகை உண்டு.

கார்போமர் ஜெல் செய்த அன்று தெளிவாக இருந்து போகப் போக மஞ்சளானால் கார்போமரை விட்டுவிட்டு, நீங்கள் போட்ட காரத்தைப் பாருங்கள். ட்ரைஎத்தனாலமைன் காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பாகிற பொருள், திறந்து ரொம்ப நாளான பாட்டில் என்றால் ஊற்றும்போதே மஞ்சளாக இருக்கும். அதற்குப் பதில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலோ ட்ரோமெத்தமைனோ வைத்து ஒரு பேட்ச் செய்து ஒப்பிடுங்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் கார்போமர் ஜெல் நிறம் மாறாமலேயே நீர்த்துப்போகும், அது தனிக் கதை, அங்கேயும் இடிடிஏ கொஞ்சம் உதவும்.

ஷாம்பூ, பாடி வாஷ்

இங்கே முதலில் சர்பேக்டன்ட், அதாவது நுரைத்து அழுக்கெடுக்கும் பொருள், அதன் பாட்டிலைத் திறந்து பாருங்கள். கோகமிடோபுரொபில் பீட்டெய்ன் வரும்போதே வெளிர் மஞ்சள்தான். அது நிறைய உள்ள பேட்சில் நிறமே இல்லாத தெளிவை எதிர்பார்ப்பது கஷ்டம், அந்த மஞ்சளுக்குக் கெட்டியாக்கியைப் பிடித்து என்ன பயன். உப்பு போட்டுக் கெட்டியாக்குபவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஓர் அளவு வரை கெட்டியாகும், அந்த உச்சியைத் தாண்டினால் நீர்த்துப்போவதோடு கலங்கவும் செய்யும். தாண்டிவிட்டால் உப்பில்லாத பேட்ச் ஒன்றைக் கலந்து அளவை இறக்குவதுதான் வழி.

வாசனை எண்ணெய் சேர்த்த பிறகுதான் கலங்கியது என்றால், எண்ணெய் கரையவில்லை என்று அர்த்தம். பாலிசார்பேட் 20 உடன் முன்கூட்டியே எண்ணெயைக் கலந்து சேர்த்தால் தெளியும். ஆனால் பாலிசார்பேட் தானே மஞ்சள் திரவம், தாராளமாக ஊற்றினால் கலங்கல் போய் நிறம் வந்து உட்காரும். எண்ணெயைக் குறைப்பது புத்திசாலித்தனம். வனிலின் உள்ள வாசனை எது போட்டாலும் சில வாரத்தில் பழுப்பாகும், கம் என்ன செய்யும் பாவம்.

மெல்ல மெல்ல நிறம் ஏறினால்

ஒரே பேட்சை மூன்று பாட்டிலில் ஊற்றி, ஒன்றை இருட்டான அலமாரியிலும், ஒன்றை ஜன்னல் ஓரத்திலும், ஒன்றை 40 டிகிரி சூட்டிலும் வையுங்கள். ஒரு நாள், ஒரு வாரம், நாலு வாரம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே வெளிச்சத்தில் போட்டோவும் எடுத்து வையுங்கள், கண்ணை நம்ப முடியாது. ஜன்னலோரம் மட்டும் மாறினால் ஒளி. பாட்டிலை அடர் நிறத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். சூட்டில் மட்டும் மாறினால் பெரும்பாலும் ஆக்சிஜனேற்றமோ, சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பாகிற மயார்ட் வினையோ. தேன், குளுக்கோஸ் இவற்றோடு அமினோ அமிலங்கள் கலந்த ஃபார்முலாவில் இதை நிறையப் பார்க்கலாம். மூன்றும் மாறினால் வைட்டமின் சி, தாவரச் சாறு ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். பாலிபீனால் உள்ள சாறுகள் பிஎச் 7க்கு மேல் போனாலே வேகமாகப் பழுப்பாகும். கார்போமருக்காக காரம் சேர்க்கும்போது கை தவறி அதிகமாக விழுந்ததும் நிறம் மாறியது என்றால் காரணம் அதுவே. பிஎச்சை அளந்து இறக்குங்கள், ஆனால் ஏற்கெனவே வந்த பழுப்பு திரும்பிப் போகாது.

நிறத்தோடு சேர்ந்து வாடையும் மாறியிருந்தால், ஜெல் திடீரென்று நீர்த்திருந்தால், பச்சையோ மஞ்சளோ திட்டுத் திட்டாகத் தெரிந்தால், ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், கொட்டிவிடுங்கள். இயற்கைப் பிசின்கள் கிருமிகளோடு வரக்கூடியவை, கிருமிக்குச் சாப்பாடும் அவைதான். செல்லுலோஸையும் நொதியால் அறுத்துத் தண்ணியாக்கிவிடும். சரிசெய்து பயன்படுத்தலாம் என்ற எண்ணமே வேண்டாம். பிரிசர்வேட்டிவ் அளவையும், அது அந்த பிஎச்சில் வேலை செய்யுமா என்பதையும் சரிபார்த்துப் புதிதாகச் செய்யுங்கள்.

எதுவுமே சரிவரவில்லையா

வெளுக்க வேண்டுமென்று ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றச் சொல்லும் யோசனையைக் கேட்டிருக்கிறேன். அது பிசின் சங்கிலிகளையும் அறுக்கும், மற்ற பொருள்களையும் கெடுக்கும், தோலுக்கும் நல்லதில்லை. வடிகட்டினால் கட்டி போகும், கரைந்த நிறம் போகாது. மஞ்சளை மறைக்க ஒரு துளி நீலமோ ஊதாவோ அழகுசாதன நிறமியை நீர்த்து விடுவது பழைய தந்திரம், வேலை செய்யும், கொஞ்சம் கூடினால் சாம்பல் பூத்துவிடும். முதலில் 50 கிராமில் செய்து பாருங்கள். மஞ்சள் இன்னும் ஏறிக்கொண்டே போகிற ஜெல்லில் இதைச் செய்யாதீர்கள், இரண்டு மாதத்தில் பச்சையாக வந்து நிற்கும்.

என் பழக்கம் ஒன்று. ஒவ்வொரு புது டப்பா கம் வரும்போதும் வெறும் நீரில் அதே அளவு கரைத்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, தேதியையும் லாட் எண்ணையும் எழுதி அலமாரியில் வைத்துவிடுவேன். ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் சாயல் மாறுவது இயற்கைப் பிசினில் சகஜம். அடுத்த தடவை ஏதாவது பேட்ச் மஞ்சளாக வந்தால் அந்தக் குப்பியை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். விஸ்க்கை இப்போது தினமும் பார்க்கிறேன்.